கிட்டுக்கு எந்த ஜியூஐ செயலி? ஒரு நாள் எழுத்தை இழந்த வாசகிக்குப் பதில்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உதவிப் பக்கங்களும் பயனர் கையேடும் எழுதும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அடையாளம் தரும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மார்க்டவுன் (எளிய குறிகளால் வடிவம் தரும் உரை) கோப்புகளாக எழுதுகிறார். எழுதுவது விஎஸ் கோட் என்ற உரைத் திருத்தியில். கோப்புகள் எல்லாம் நிரலாளர்கள் பயன்படுத்தும் அதே கிட் ரெப்போவில், அதாவது கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளின் கிடங்கில், இருக்கின்றன. கமிட் (மாற்றங்களை வரலாற்றில் பதிவது), புஷ் (பதிந்ததை சர்வருக்கு அனுப்புவது), புல் (மற்றவர்களின் மாற்றங்களை அங்கிருந்து இறக்கிச் சேர்ப்பது) மூன்றையும், கட்டளை தட்டாமல் பொத்தான்களால் வேலை செய்யும் தனியான ஜியூஐ செயலி ஒன்றில் செய்துவந்தார். போன வாரம் ஒரு நாள் முழுக்க எழுதியதைக் கமிட் செய்யாமலே வைத்துக்கொண்டு புல் கொடுத்தார். உங்கள் மாற்றங்கள் மேலெழுதப்பட்டுவிடும் என்று சொல்லி கிட் மறுத்துவிட்டது. அந்தத் திரையிலேயே ‘டிஸ்கார்ட் ஆல்’ (எல்லா மாற்றங்களையும் கைவிடு) என்ற பொத்தான் இருந்தது. தடையை நீக்கும் வழி அதுதான் என்று எண்ணி அழுத்தினார். அன்றைய எழுத்து காணாமல் போயிற்று.

“பொத்தானை நம்பினால் இப்படித்தான், கட்டளைகளைக் கற்றுக்கொள்ளுங்கள்” என்றாராம் உடன் வேலை செய்பவர். மேலாளரோ இனி எல்லோரும் ஒரே செயலியைத்தான் பயன்படுத்த வேண்டும், எதைப் பயன்படுத்தலாம் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று இவரிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். வீட்டில் லினக்ஸ், அலுவலகத்தில் விண்டோஸ். எது சிறந்த செயலி? செயலியை மாற்றினால் பழைய வரலாறு அழிந்துவிடுமா? நிறுவனம் ஒரே செயலியைக் கட்டாயப்படுத்தலாமா? ஜியூஐ பயன்படுத்துவது தகுதிக் குறைவா? இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

எந்தச் செயலி என்ற கேள்வி ஒரு நாள் காத்திருக்கட்டும். போன எழுத்தை முதலில் தேடுவோம். அது இன்னும் உங்கள் கணினியிலேயே இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

நீங்கள் எழுதியது விஎஸ் கோடில், டிஸ்கார்ட் செய்தது வேறொரு செயலியில். 2022 மார்ச் மாதப் பதிப்பிலிருந்து விஎஸ் கோட் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் கோப்பின் நகலைத் தனியே எடுத்து வைக்கிறது. கிட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோப்பைத் திறந்து, இடப்பக்கப் பட்டியின் அடியில் ‘டைம்லைன்’ என்றிருப்பதை விரித்துப் பாருங்கள். அன்று நீங்கள் சேமித்த நேரங்கள் வரிசையாகத் தெரியும். ஒன்றைச் சொடுக்கினால் அப்போதிருந்த வாசகம் வரும், அங்கிருந்தே மீட்கலாம். இயல்பு அமைப்பில் ஒரு கோப்புக்கு 50 நகல்கள் வரைதான் வைத்திருக்கும். அதனால் மீட்கும் வரை அந்தக் கோப்புகளில் மேற்கொண்டு எழுதிச் சேமிக்காதீர்கள்.

அங்கே இல்லையென்றால் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். டிஸ்கார்ட் செய்த கோப்புகளைச் சில செயலிகள் அங்கே போட்டுவிடும். இன்னொரு வழியும் உண்டு. அன்று எப்போதாவது கோப்புகளை ஸ்டேஜ் செய்திருந்தால் (அடுத்த கமிட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தால்) அந்த நேரத்து வாசகம் கிட்டின் கிடங்குக்குள் போயிருக்கும், கமிட் ஆகாவிட்டாலும். ‘கிட் எஃப்எஸ்சிகே’ என்ற கட்டளையை ‘லாஸ்ட்-ஃபவுண்ட்’ என்ற விருப்பத்துடன் ஓட்டினால் எதனோடும் சேராமல் கிடக்கும் துண்டுகளை அது ஒரு கோப்புறையில் எடுத்து வைக்கும். பெயரில்லாமல்தான் வரும், ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். கிட் தன் துப்புரவின்போது இத்தகைய துண்டுகளை இயல்பாக இரண்டு வாரம் கழித்துத்தான் அழிக்கும். கடிதப்படி நிகழ்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. இன்றே பாருங்கள். கட்டளைகளைக் கற்கச் சொன்ன அந்த நண்பரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

தவறு எங்கே நடந்தது

ஜியூஐ பயன்படுத்தியதால்தான் எழுத்து போயிற்று என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அதை நம்பிவிட்டதாகக் கடிதத்தில் தெரிகிறது. அது சரியல்ல. கட்டளைகளைத் தட்டும் திரையான டெர்மினலில் ‘கிட் ரெஸ்டோர்’ என்று எழுதி ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டினால் நடப்பதும் இதேதான். அங்கே “நிச்சயமா?” என்று ஒரு கேள்விகூட வராது. உங்கள் செயலியாவது கேட்டிருக்கும், அவசரத்தில் ஆம் என்று அழுத்தியிருப்பீர்கள்.

கிட் பத்திரமாக வைத்திருப்பது கமிட் ஆனதை. கமிட் ஆன ஒன்று கைதவறிப் போனாலும் ரீஃப்ளாக் என்ற பதிவேட்டில் அதன் தடம் இருக்கும். எந்தப் பிராஞ்சிலும் (வரலாற்றின் தனிக் கிளையிலும்) சேராத கமிட்டுக்கு இயல்பாக 30 நாள், சேர்ந்திருப்பதற்கு 90 நாள். கமிட்டோ ஸ்டேஜோ ஆகாத எழுத்தை கிட் கண்ணால் கண்டதே இல்லை. அதை அழித்தபின் கிட்டிடம் கேட்டுப் பயனில்லை. ஆகவே உங்களைக் காப்பாற்றும் பழக்கம் ஒன்றுதான்: உங்களுக்கென்று ஒரு பிராஞ்ச், அதில் மணிக்கொரு கமிட், புல் கொடுக்கும் முன் கட்டாயம் ஒரு கமிட். கமிட் செய்யும் அளவுக்கு எழுத்து தயாராகவில்லையா? ஸ்டாஷ் செய்துவிட்டு (தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு) புல் கொடுங்கள், பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவருக்கு எந்தச் செயலியும் உதவாது, டெர்மினலும் உதவாது.

தகுதிக் குறைவு என்ற பேச்சையும் இதோடு முடித்துவிடுகிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். அதே ஆண்டிலேயே வரலாற்றைக் கோடுகளும் புள்ளிகளுமாக வரைந்து காட்டும் கிட்கே என்ற ஜியூஐ வந்துவிட்டது. எழுதியவர் பால் மெக்கராஸ், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் நிரலாளர். டெர்மினலிலேயே வாழ்ந்த கர்னல் ஆட்களுக்கும் பிராஞ்சுகள் எங்கே பிரிந்து எங்கே சேர்கின்றன என்று பார்க்கப் படம் தேவைப்பட்டிருக்கிறது. இன்றும் கிட்கே கிட்டோடு சேர்ந்தே வருகிறது.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் உங்கள் குழுவினருக்கு அது தோன்றியிருக்காது. பல டெர்மினல்கள் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடைப்பவை. கொம்பும் காலும் புள்ளியும் அங்கே இடம் மாறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒரு வாக்கியத்தில் என்ன மாறியது என்று டெர்மினலில் தமிழைப் படித்துச் சரிபார்ப்பது வதை. தமிழில் பெயரிட்ட கோப்புகளை இயல்பு அமைப்பில் மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளை வெறும் எண்களாகக் காட்டும் (‘கோர் குவோட்பாத்’ என்ற அமைப்பை அணைத்தால் பெயர் தெரியும்). நல்ல ஜியூஐ ஒன்றில் தமிழ் தமிழாகவே தெரியும். உங்கள் வேலைக்கு ஜியூஐ அவசியமான கருவி. அதைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்.

அதேநேரம் ஜியூஐ மட்டும் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிக்கல் வரும்போது கிடைக்கிற உதவிக் குறிப்புகள் எல்லாம் கட்டளைகளாகத்தான் இருக்கும். ரீஃப்ளாக்கைக் காட்டாத செயலிகளும் இருக்கின்றன. ஸ்டேட்டஸ், லாக் (கமிட் வரலாறு), ரீஃப்ளாக், மெர்ஜ் அபார்ட் (பாதியில் நிற்கும் மெர்ஜை, அதாவது பிராஞ்சுகளின் இணைப்பைக் கைவிடுவது), இந்த நான்கும் கைக்கு வந்தால் உங்களுக்குப் போதும். முதல் மூன்றும் பார்வையிட மட்டும், எதையும் மாற்றாதவை. பயமில்லாமல் தட்டிப் பழகலாம்.

செயலியை மாற்றினால் வரலாறு போகாது

இது உங்கள் கடிதத்திலிருந்த இன்னொரு தவறான எண்ணம். வரலாறு முழுவதும் ரெப்போவின் உள்ளே ‘டாட் கிட்’ என்ற மறைந்த கோப்புறையில் இருக்கிறது. செயலி அதைப் படித்துக் காட்டுகிறது, நீங்கள் அழுத்தும் பொத்தானைக் கட்டளையாக்கி அதற்குக் கொடுக்கிறது. செயலியை அழித்தாலும் கோப்புறை அப்படியே இருக்கும். காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் திறக்கலாம். எழுத ஒன்று, வரலாறு பார்க்க இன்னொன்று என்று பிரித்துக்கொள்வோர் நிறைய. ஒரே ரெப்போவில் இரண்டும் ஒரே நேரத்தில் எழுத முயன்றால் பூட்டுக் கோப்பு இருக்கிறது என்றொரு பிழை வரலாம். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் சரியாகிவிடும்.

எனவே தேர்வு தவறிப்போனால் என்ற பயம் வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரமே மாறலாம்.

உங்கள் நிலைமைக்கு எவை பொருந்தும்

வீட்டில் லினக்ஸ் என்பதாலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். சோர்ஸ்ட்ரீ, ஃபோர்க், டவர் மூன்றும் விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். டார்டாய்ஸ்கிட் விண்டோஸின் கோப்பு உலாவிக்குள்ளேயே அமர்வது, வேறெங்கும் ஓடாது. கிட்ஹப் டெஸ்க்டாப் கட்டற்ற மென்பொருள்தான், ஆனால் அதிகாரபூர்வமாக லினக்ஸுக்கு இல்லை. இரண்டு இடத்திலும் ஓடுபவை: கிட்கிராக்கன், ஸ்மார்ட்கிட், சப்ளைம் மெர்ஜ், கிட் கோலா, விஎஸ் கோடின் உள்ளேயே இருக்கும் சோர்ஸ் கன்ட்ரோல் பகுதி, பிறகு கிட்கே.

இவற்றில் முதல் மூன்றும் வணிக மென்பொருள்கள். இலவசமாக இறங்கி ஓடுகிறது என்பதற்காக அலுவலக வேலைக்கு இலவசம் என்று பொருளில்லை. கிட்கிராக்கனின் இலவசப் பதிப்பு, சர்வரில் இருக்கும் தனியார் ரெப்போக்களுக்கு உதவாது, கட்டணம் கேட்கும். மற்றவற்றுக்கும் தத்தமது உரிம விதிகள் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் நிறுவும் நாளில் உரிமப் பக்கத்தைப் படியுங்கள். நிறுவனக் கணினியில் உரிமமில்லாமல் ஓட்டினால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம், ஆனால் நிறுவியது யார் என்ற கேள்வி உங்களிடம் வரும்.

என் பரிந்துரை இதுதான். அன்றாட வேலைக்கு விஎஸ் கோடின் சோர்ஸ் கன்ட்ரோல் பகுதியையே பயன்படுத்துங்கள். எழுதும் இடத்திலேயே மாற்றமும் தெரிவதால், கமிட் செய்யும் முன் நீங்கள் எழுதியதை ஒருமுறை படித்துவிடுவீர்கள். வரலாறு பார்க்க கிட்கே. தோற்றம் பழையது, ஆனால் ஒரு கோப்பின் கதையை அது தெளிவாகச் சொல்லும். விண்டோஸில் கிட்டை நிறுவும்போதே வந்துவிடும், லினக்ஸில் சில வழங்கல்களில் தனிப் பொதியாக நிறுவ வேண்டியிருக்கும். அதில் தமிழ் சிதைந்து தெரிந்தால் கிட்டின் அமைப்புகளில் ‘குய் என்கோடிங்’ என்பதை யூடிஎஃப்-8 என்று மாற்றுங்கள்.

விஎஸ் கோடில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. ‘சிங்க் சேஞ்சஸ்’ என்ற பொத்தான் புல்லையும் புஷ்ஷையும் ஒரே அழுத்தில் செய்துவிடும். நீங்கள் இரண்டையும் தனித்தனியாகச் செய்யுங்கள், பட்டியலில் இரண்டும் தனியே உண்டு. அடுத்தது, எதையும் ஸ்டேஜ் செய்யாமல் கமிட் கொடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துவிடட்டுமா என்று கேட்கும். அங்கே ‘ஆல்வேஸ்’ என்பதை அழுத்தாதீர்கள். அழுத்தினால் அதன்பின் கேட்காமலே எல்லாக் கோப்பும் கமிட்டுக்குள் போகும், நீங்கள் சோதனைக்கு வைத்திருந்த குறிப்புகள் உட்பட.

கையேட்டில் திரைப் படங்கள் நிறைய மாறும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் அலுவலக விண்டோஸில் கிட்ஹப் டெஸ்க்டாப்பையும் வைத்துக்கொள்ளலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே காட்டும், ஒன்றன்மேல் ஒன்று வைத்தும் காட்டும். ரெப்போ வேறு சர்வரில் இருந்தாலும் வேலை செய்யும்.

நிறுவியதும் செய்து பார்க்க வேண்டிய சோதனை

அழகையும் நிறத்தையும் வைத்துச் செயலியை மதிப்பிடாதீர்கள். உங்களுக்குப் பயம் தருவது கான்ஃபிளிக்ட்தானே (ஒரே வரியின் இரு வேறு மாற்றங்கள் மோதுவது), அதையே வரவழைத்துப் பாருங்கள். உங்கள் கணினியில் ஒரு வெற்று ரெப்போ தொடங்கி, ஒரு கோப்பில் நான்கு வரி எழுதிக் கமிட் செய்யுங்கள். இரண்டு பிராஞ்சுகளில் அதே வரியை வெவ்வேறாக மாற்றி, மெர்ஜ் கொடுங்கள். இப்போது திரையைப் பாருங்கள். எது உங்கள் வரி, எது மற்றவர் வரி, முடிவில் எது நிற்கும் என்று புரிகிறதா? எதுவும் வேண்டாம், பழைய நிலைக்குப் போகலாம் என்ற வழி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா? இந்த இரண்டில் தோற்கும் செயலியை அங்கேயே நீக்கிவிடலாம்.

மெர்ஜுக்குப் பதில் ரீபேஸ் (உங்கள் கமிட்டுகளை இன்னொரு பிராஞ்சின் நுனியில் மீண்டும் அடுக்குவது) செய்தும் பாருங்கள். உங்கள் குழு ரீபேஸ் செய்கிறது என்பதால் இது முக்கியம். ரீபேஸ் நடக்கும்போது கிட்டின் கணக்கில் ‘அவர்ஸ்’ (எங்களுடையது) என்பது நீங்கள் போய்ச் சேரும் பிராஞ்ச், ‘தெயர்ஸ்’ (அவர்களுடையது) என்பது உங்கள் சொந்த எழுத்து. மெர்ஜில் இருப்பதற்கு நேர் தலைகீழ். சில செயலிகள் இந்தச் சொற்களை அப்படியே பொத்தானில் போட்டுவிடுகின்றன. என்னுடையதை வைத்துக்கொள் என்று நினைத்து அழுத்துபவர் தன் எழுத்தையே நீக்கிவிடுகிறார். பிராஞ்சின் பெயரைப் பொத்தானிலேயே எழுதிக் காட்டும் செயலிக்கு இதற்காகவே நான் மதிப்பெண் கூடுதலாகத் தருவேன்.

பிறகு, ஒரே கோப்பில் இரண்டு வரிகளை மாற்றி ஒன்றை மட்டும் ஸ்டேஜ் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, பொத்தானை அழுத்தியபின் எந்தக் கட்டளை ஓடியது என்று காட்டும் இடம் இருக்கிறதா? விஎஸ் கோடில் ‘அவுட்புட்’ பகுதியில் கிட் என்பதைத் தேர்ந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஏதாவது சிக்கினால் அதை நகலெடுத்து நண்பருக்கு அனுப்பலாம், “நான் எதையோ அழுத்தினேன்” என்று விளக்கத் தேவையில்லை.

எழுதும் முறையில் ஒரு திருத்தம் செய்துகொண்டால் எந்தச் செயலியும் உங்களுக்கு எளிதாகும். கிட் மாற்றத்தை வரிக்கணக்கில் பார்க்கிறது. பத்தி முழுவதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும், கான்ஃபிளிக்டும் அடிக்கடி வரும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். மார்க்டவுன் அவற்றை ஒரே பத்தியாகச் சேர்த்துவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வரியை மாறியதாகச் செயலி காட்டுகிறது, அது கெட்டுப்போயிற்றா என்றும் கேட்டிருந்தீர்கள். கெடவில்லை. ‘கொ’ போன்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கிட்டுக்குத் தெரியும். வீட்டிலும் அலுவலகத்திலும் உங்கள் விசைப்பலகை மென்பொருள் வெவ்வேறு என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் ஒன்றையே வையுங்கள். வரி முடிவுக் குறி விண்டோஸிலும் லினக்ஸிலும் வேறுபடுவதும் இதே தோற்றத்தைத் தரும். அதற்குத் தீர்வு, வரி முடிவு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ‘கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ கோப்பு ஒன்றை ரெப்போவில் வைப்பது.

மேலாளரிடம் என்ன சொல்வது

நிறுவனம் கட்டாயப்படுத்தலாமா என்றால், அதன் கணினியில் எது நிறுவப்படலாம் என்று முடிவு செய்யும் உரிமை அதற்கு உண்டு. உரிமச் செலவும் பாதுகாப்பும் அதன் பொறுப்பு. இதில் உரிமைப் போராட்டம் தேவையில்லை. ஆனால் எல்லோரும் ஒரே ஜியூஐயைத் திறந்தால் தவறுகள் குறையும் என்ற அவருடைய கணக்கை நீங்கள் மரியாதையாகத் திருத்தலாம். ஒருவருக்கொருவர் சொல்லித்தருவது எளிது என்ற நன்மை அதில் இருக்கிறது, மறுக்க வேண்டாம். டெர்மினலில் வேகமாக இருப்பவரை ஜியூஐக்கு இழுப்பதில் மட்டும் யாருக்கும் லாபமில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றை நீங்களே முன்வந்து கேளுங்கள். புதிய செயலி ஒன்றை உங்கள் சர்வர் கணக்கோடு இணைக்கும்போது, அது உங்கள் எல்லா ரெப்போக்களையும் படிக்கவும் எழுதவும் அனுமதி கேட்கக்கூடும். கிட் ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதில்லை என்பதால் இந்த அனுமதித் திரையை எல்லோரும் பார்க்கிறோம், படிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்கள் கணினியில் இருக்கும் அடையாளக் கோப்பு) வைத்துக்கொண்டால் பல செயலிகளில் அந்த இணைப்பே தேவைப்படாது. ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டு இப்போது பயன்படுத்தாத செயலிகள் இருந்தால் கணக்கின் அமைப்புகளில் போய் ரத்து செய்யுங்கள். நீங்கள் விடப்போகும் அந்தப் பழைய செயலியும் இதில் அடக்கம்.

மேலாளருக்கான பதிலை இப்படி எழுதலாம்: “செயலி அவரவர் விருப்பமாக இருக்கட்டும், நிறுவனம் அனுமதித்த பட்டியலுக்குள். எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டியவை வேறு. வரி முடிவுக்கான கோப்பு ரெப்போவிலேயே இருக்க வேண்டும். புல் என்றால் மெர்ஜா ரீபேஸா என்று ஒரே முடிவு வேண்டும். முதன்மைப் பிராஞ்சில் யாரும் நேரடியாகவோ, இருக்கும் வரலாற்றை மேலெழுதும்படி வலிந்தோ புஷ் செய்ய முடியாதபடி சர்வரிலேயே தடை போட வேண்டும். கையேடு எழுதுபவர்களுக்கு விஎஸ் கோடும் கிட்கேயும் போதும், புதிய உரிமச் செலவு இல்லை.”

அந்தத் தடை மட்டும் இன்னும் போடப்படவில்லையென்றால், செயலிப் பேச்சு முடியும் வரை காத்திருக்காமல் இந்த வாரமே போடச் சொல்லுங்கள். சர்வரின் நிர்வாகிக்கு அது சில நிமிட வேலை.